ஸ்கூலுக்கு லீவு, காலேஜுக்கு இல்லை

"செத்தோம்டி" என்றான் பிரேலன், வண்டியைக் கல்லூரி வாசலில் நிறுத்திவிட்டு.

காரினாவுக்கு சீட் பெல்ட்டைக் கழற்றக் கை வரவில்லை. மடியில் இருந்த போனில் உடற்கூறியல் வகுப்பின் அட்டவணை திறந்திருந்தது. இடைப்பருவத் தேர்வு போன வியாழக்கிழமையே முடிந்துபோயிருந்தது.

போன வியாழக்கிழமை அவள் டென்னசியில் சித்தி வீட்டில் பான்கேக்கை ஆற அமரத் தின்றுகொண்டிருந்தாள். ஸ்கூலுக்கு வசந்தகால லீவு. ஸ்கூலுக்கு லீவென்றால் காலேஜுக்கும் லீவுதானே என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். காலேஜ் லீவோ இந்த வாரமும் இல்லை, வருகிற திங்கட்கிழமைதான் ஆரம்பம்.

ஸ்கூல் முடிப்பதற்கு முன்பே காலேஜ் பாடமும் படித்து மார்க் வாங்கிவிடலாம் என்று செவ்வாய், வியாழன் காலைகளில் இங்கே வருகிற பிள்ளைகள் மொத்தம் நாலு பேர்; வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற பெரியவர்கள். நாலு பேரும் ஒருத்தர் விடாமல் இதே தப்பைப் பண்ணியிருந்தார்கள்.

"ஒரு வாரமா அட்டவணையைப் பாக்கவே இல்லையாடி நீ?"

"நீ பாத்தியாடா?"

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

ஸ்கூலில் கோட்டை விட்டால் அம்மா வந்து டீச்சரிடம் பேசுவாள், சரியாகிவிடும். காலேஜ் மார்க் அப்படியில்லை. பதினாறு வயதில் வாங்கிய முட்டை ஆயுசுக்கும் கூடவே வரும். நாளைக்கு நர்ஸிங்கில் சேரப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அம்மா வேறு, மகள் இப்போதே காலேஜ் போகிறாள் என்று சர்ச் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பேராசிரியர் ராட்லிஃப் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "இங்க பெல் அடிக்காது. அம்மா கொடுத்த லெட்டர் செல்லாது. பரீட்சைக்கு வரலேன்னா வரலதான். மறுபரீட்சைன்னு யாரும் என் வாசப்படி ஏறாதீங்க."

"இன்னொண்ணும் கேளு" என்றான் பிரேலன் மெதுவாக. "வியாழக்கிழமை அந்த வெல்டாம்மா ராட்லிஃப் ரூம்ல நின்னு பேசிக்கிட்டிருந்துச்சாம். இங்க மெக்கானிக் படிக்கிற எங்கண்ணன் பாத்திருக்கான்."

"எதுக்காம்?"

"வேற எதுக்கு? நம்மளப் போட்டுக் கொடுக்கத்தான்."

காரினாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. வெல்டா முல்லின்ஸ் முதியோர் இல்லத்தில் இரவு டூட்டி முடித்துவிட்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வகுப்புக்கு வருகிறவள். நர்ஸாகிவிட வேண்டும் என்று தலை நரைத்த வயதில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "நாங்க கைக்காசைக் கட்டிப் படிக்கிறோம், இதுங்களுக்கு ஓசி" என்று வகுப்பிலேயே சத்தமாகச் சொல்லியிருக்கிறாள்.

உள்ளே நுழைந்தால், அவளேதான் காபி டம்ளரோடு எதிரே வந்தாள்.

"வந்துட்டாங்கய்யா குழந்தைங்க! லீவெல்லாம் எப்படி? மண் வீடு கட்டி விளையாடினீங்களா?"

காரினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ராட்லிஃப் உன்னைத்தான் கேட்டாரு. போ, போ. நல்லா கெடைக்கும்."

அந்தச் சிரிப்பைப் பார்க்கவே காரினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் குடி கெட்டால் இப்படியா சந்தோஷப்படுவார்கள்?

ராட்லிஃப் அறைக் கதவைக் காரினா தட்டினாள். பிரேலன் வெளியிலேயே தங்கிவிட்டான். முதலில் நீ போ என்று கையைக் காட்டினான், மகராசன்.

ராட்லிஃப் உட்காரச் சொல்லவில்லை.

"வியாழக்கிழமை எங்க போயிருந்தே?"

ஜுரம், வண்டி ரிப்பேர் என்று நடந்துவரும்போது யோசித்து வைத்த பொய்யெல்லாம் மறந்துபோனது.

"லீவுன்னு நினைச்சுட்டேன் சார். ஸ்கூலுக்கு விட்டா இங்கயும் விட்டுடுவாங்கன்னு..."

"முதல் நாள் நான் என்ன சொன்னேன்?"

"மறுபரீட்சை கிடையாதுன்னு சார்."

"இத்தனை வருஷத்துல யாருக்காவது வெச்சிருக்கேனா?"

"இல்ல சார்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "முட்டையே போட்டுடுங்க சார். எங்கம்மாகிட்ட மட்டும் நானே சொல்லிக்கறேன்."

"போடத்தான் கை பரபரக்குது. முடியலையே!" என்று மேஜையைத் தட்டினார். "நாளை மறுநாள் பரீட்சை. மொத்த வகுப்புக்கும். மத்த மூணு பேர்கிட்டயும் சொல்லு."

காரினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மொத்த வகுப்புக்குமா சார்? அப்ப வியாழக்கிழமை?"

"கேள்வித்தாளைத் தூக்கிக்கிட்டுப் போறேன், வகுப்புல ஈ காக்கா இல்ல. பெரியவங்க எல்லாரும் கேன்டீன்ல உக்காந்து காபி குடிச்சிக்கிட்டிருக்காங்க. படிக்காமலா? விடிய விடியப் படிச்சுக் கண்ணெல்லாம் செவந்து கெடக்கு! வகுப்பு மொத்தத்துக்கும் முட்டை போட்டா டீன் என் சட்டையைப் பிடிப்பார். யாரு கிளப்பிவிட்ட வேலை இதுன்னு கத்தினேன். அந்த வெல்டா என் பின்னாடியே இந்த ரூமுக்கு வந்து, கொஞ்சம்கூடச் சிரிக்காம ஒரு காரணம் சொல்றாங்க."

"என்ன காரணம் சார்?"

ராட்லிஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு பேரப்பிள்ளைங்க எடுத்தவங்க, தனக்கும் ஸ்கூல் லீவுன்னு நினைச்சுட்டாங்களாம்!"