இரண்டாவதாக வருகிறவர்

மின்வாரியத்தில் முப்பது வருடம் யூனிட் கணக்குப் பார்த்த பழக்கம் ஞானசிகாமணியை விடவில்லை. விறகு, கேஸ், கரண்ட் என்று நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு காலையிலேயே சுடுகாட்டுக்கு வந்துவிட்டார்.

"பாடி யாரோடது சார்?" சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்த மரகதம் கேட்டாள்.

"என்னோடதுதான். எழுபத்திரண்டு கிலோ. எதுல எரிச்சா சிக்கனம்?"

மரகதம் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "விறகுன்னா நானூறு கிலோ பிடிக்கும். கேஸ்னா ஒரு சிலிண்டருக்கு மேல. கரண்ட்தான் இவ்வளவுன்னு சொல்ல முடியாது. அடுப்பு சூடேறவே பாதி கரண்ட் போயிடும். அதனால முதல் ஆளுக்குத்தான் செலவு. அந்தச் சூட்டுலயே அடுத்த ஆள் வந்துட்டா ரொம்பக் கம்மி."

இது அவர் யோசிக்காத விஷயம். போய் மின்அடுப்பின் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நேற்றைய சூடு லேசாக மிச்சமிருந்தது.

"அப்ப நான் ரெண்டாவதாவே வந்துடறேன்மா."

மரகதத்தின் போன் அடித்தது. பேசி முடித்ததும் அடுப்பின் சுவிட்சைப் போட்டாள்.

"பதினொரு மணிக்கு ஒண்ணு வருது சார். நீங்க எத்தனை மணிக்கு?"

ஞானசிகாமணி அவசரமாக நோட்டைப் புரட்டினார். எடை, விலை, யூனிட் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நேரத்துக்கு இல்லை.