பஸ்ரியனுக்கு ஒரு டிடெக்டர்

"தம்பி, ரோட்டில பொலிஸ் நிக்கிறதை முதலே சொல்லுற சாமான் ஒண்டு இருக்காம். உம்மட்ட இருக்கோ?"

கிளிபோட் கையிலிருந்த வயர்ச் சுருளைக் கீழே வைத்துவிட்டுக் கடை வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தான். மில்லிக்கன் பிளாசாவில் காருக்குப் பாட்டுப்பெட்டியும் கமெராவும் பூட்டிக்கொடுக்கிற கடை அவனுடையது. றேடார் டிடெக்டரை அங்கே விற்கவே கூடாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அதைக் காரில் வைத்திருப்பதே குற்றம். இருந்தும் கேட்டு வருவார்கள், எல்லாம் தலைதெறிக்க ஓடுகிற பெடியன்கள். இன்றைக்குக் கேட்பவரோ ஞாயிறு பூசையில் முன்வாங்கில் இருக்கிற எமில்டா அன்ரி. அவருடைய கைப்பையைத் திறந்தால் செபமாலைதான் முதலில் வரும்.

"ஆருக்கு அன்ரி?"

"வேற ஆருக்கு, எங்கட மனிசனுக்குத்தான்."

"பஸ்ரியன் அங்கிளுக்கோ?"

"ஓம். லைசன்ஸில பன்னிரண்டு குற்றப் பொயின்ற் ஏறிட்டுது. பதினைஞ்சு வந்தா லைசன்ஸைப் பறிச்சுப்போடுவாங்களாம். செப்டெம்பரில பள்ளிக்கூடம் துவங்க, பேத்தியை ஏத்தி இறக்கிற வேலையை மகள் இவரிட்டக் குடுத்திருக்கிறாள். அதுக்கு முதல் எனக்கு இதுக்கொரு முடிவு வேணும்."

பாவம், மனுசி என்ன பாடுபடுகிறது என்று கிளிபோட்டுக்கு மனம் இளகிவிட்டது. பின்பக்கம் போய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த இரண்டை எடுத்துவந்து மேசையில் வைத்தான்.

"உது எப்பிடி வேலை செய்யும்? எனக்கு விளங்கச் சொல்லும் பாப்பம்."

இப்படி ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. பெடியன்கள் விலையைக் கேட்பார்கள், வாங்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். உச்சி குளிர்ந்துபோன கிளிபோட் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"பொலிஸ்காரன்ர கையில இருக்கிற மெசின் ஒரு றேடியோ அலையை விடும் அன்ரி. அது ஓடுற காரில பட்டுத் திரும்பி வரேக்க கொஞ்சம் மாறி வரும். எவ்வளவு மாறினதெண்டு பாத்து ஸ்பீட்டைக் கண்டுபிடிப்பான். உது அந்த அலையைக் கேக்கிற ஒரு றேடியோ, அவ்வளவுதான். அலை தூரத்துக்கும் சிதறிப் போகும். அவன் எங்களை அளக்க முதலே உது பீப் அடிச்சுச் சொல்லிப்போடும்."

"வேற எதுக்கும் பிழையா அடிக்காதோ?"

"ஏன் அடிக்காது? கடையளில தானாத் திறக்கிற கதவும் அதே மாதிரி அலையைத்தான் விடுது. மலிஞ்ச சாமான் எண்டா ஒவ்வொரு பிளாசாவுக்கும் கத்தும். நல்லது கதவு எது, பொலிஸ் எது எண்டு பிரிச்சு அறியும்."

எமில்டா குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, உது காரில இருக்கிறது பொலிசுக்குத் தெரியவராதோ?"

"அதுதான் சிக்கல். உதுக்குள்ளயும் ஒரு சின்ன அலை ஓடும் அன்ரி. அது வெளியில கசியும். அந்தக் கசிவைப் பிடிக்க அவங்களிட்ட இன்னொரு மெசின் இருக்கு. பிடிபட்டா ஃபைனும் வரும், மூண்டு பொயின்ற்றும் ஏறும்."

"மூண்டோ?"

பன்னிரண்டும் மூன்றும் எத்தனை என்று அப்போதுதான் யோசித்த கிளிபோட் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆன வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்று கறுப்பு நிறத்தில் இருந்ததை அவசரமாக முன்னுக்குத் தள்ளினான்.

"பயப்பிடாதேங்கோ. இது கசியாத மாதிரி மூடிச் செய்தது. நல்ல தூரத்துக்குக் கேக்கும், சும்மா கத்தாது. அங்கிளுக்கு இதுதான் சரி."

"மற்றது?"

"அது பழசு அன்ரி. நான் எறிய வைச்சிருந்தது. அது கசியிற கசிவுக்கு, 401 ஹைவேயில ஏறின உடனயே ஆளை மறிச்சுப்போடுவாங்கள்."

எமில்டா இரண்டையும் இரண்டு கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கிளிபோட்டுக்கு விடுப்பு அறியும் ஆசை வந்தது. பூசைக்கே பிந்தி வருகிற பஸ்ரியன் அங்கிள் அப்படி என்ன ஓட்டம் ஓடியிருப்பார்?

"அங்கிள் எவ்வளவு ஸ்பீட்டில பிடிபட்டவர்?"

"ஸ்பீட்டோ? அந்தாள் மாட்டு வண்டில் மாதிரியெல்லே போறது. ஸ்டொப் சைனில நிக்கேல்லையெண்டு மூண்டு. சிவப்பு லைற்றுக்குள்ள போனதெண்டு மூண்டு. மற்ற ஆறும், ஸ்கூல் பஸ்ஸால பிள்ளையள் இறங்கேக்க நிப்பாட்டாமப் போனதுக்கு. கேட்டா, சைன் அதில இல்லையாம், பஸ்ஸும் வரேல்லையாம்."

கிளிபோட்டுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் பொய் சொல்லி விற்க மனம் வரவில்லை.

"அப்ப உதால ஒரு பிரயோசனமும் இல்லை அன்ரி. உது ஸ்பீட்டுக்கு மட்டுந்தான். அங்கிளைக் கண் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"மன்னார் ரோட்டில லைற் இல்லாம லொறி ஓடின கண்ணாம், டொக்டர் தேவையில்லையாம். பங்குச் சுவாமியும் சொல்லிப் பாத்திட்டார். மகளிட்டச் சொன்னா, அம்மாவுக்கு எப்பவும் அப்பாவில குறைதான் எண்டு என்னோட பாயுறாள்."

 எமில்டா கறுப்புப் பெட்டியை மெதுவாக அவன் பக்கம் தள்ளிவிட்டு, பழையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இதை வடிவான பேப்பரில சுத்தித் தாரும் தம்பி, நாளைக்கு அவருக்குப் பிறந்தநாள். பீப் அடிக்கிற சாமான் எண்டா உடன கண்ணாடியில ஒட்டிப்போடுவார். செப்டெம்பருக்கு முதல் பிடிச்சிடுவாங்கள்தானே?"