சட்டைப் பை

ஆடுகள் லாரியில் ஏறுவேனா என்றன. ஒன்றைத் தூக்கி ஏற்றினால் இன்னொன்று கீழே குதித்தது. கிடாவின் காலைப் பிடிக்கப் போன கொழுந்தன் சேற்றில் குப்புற விழுந்தான்.

“அண்ணன் எப்படித்தான் மேய்ச்சாரோ! சொல்லாம கொள்ளாம எங்கயோ போயிட்டு, இதுங்களை என் தலையில கட்டிட்டாரு.”

“இன்னைக்கே ஏத்திடுங்க தம்பி,” என்றாள் அண்ணி. “அவர் போனதிலேருந்து கட்டியேதான் போட்டிருக்கேன். ராத்திரி பூரா கொட்டகைக்குப் பின்பக்கம் பார்த்தே கத்துதுங்க. தூக்கமே இல்லை.”

அதற்குள் கிடா திமிறிக்கொண்டு ஓடியது. மந்தையே அதன் பின்னால் ஓடி, கொட்டகைக்குப் பின்னால் அண்ணி புதிதாகப் போட்டிருந்த கீரைப் பாத்தியில் போய் நின்றது.

“போச்சு, உங்க கீரை!” என்று சிரித்தபடி துரத்தினான்.

கீரையை ஒரு ஆடும் கடிக்கவில்லை. முட்டி மோதிக்கொண்டு, மண்ணைக் குளம்பால் கீறிக் கீறி நக்கின.

“விரட்டுங்க தம்பி! சீக்கிரம்!” அண்ணியின் குரல் உடைந்தது.

“இருங்க அண்ணி, வேடிக்கையைப் பாருங்க. அண்ணனைக் கண்டாத்தான் இப்படி மொய்க்கும். அந்தக் கட்டம் போட்ட சட்டைப் பையில எப்பவும் உப்புக்கல் வெச்சிருப்பாரே, அதை நக்க...”

அவன் சிரிப்பு நின்றுபோனது.

கிடா மண்ணுக்குள்ளிருந்து எதையோ கடித்து இழுத்தது. கட்டம் போட்ட துணி.