பலகையில் விழுந்த சரி

தேவசகாயம் சாரின் ஆங்கில டியூஷன் அறையில் கரும்பலகையும் ஒரு வெள்ளைச் சாக்பீஸும் மிச்சமிருந்தன. வகுப்பு முடியும்போது சார் ஒரு வாக்கியம் எழுதிவைப்பார். பிள்ளைகள் அதை இறந்தகாலத்துக்கு மாற்றிவர வேண்டும். மறுநாள் சிவப்புச் சாக்பீஸால் சரி போடுவார்.

அவர் கடைசியாக எழுதியது ‘ஐ வில் கம் டுமாரோ.’ அன்றைக்கே மாரடைப்பு. சிவப்புச் சாக்பீஸை அவருடைய சவப்பெட்டிக்குள் வைத்தே புதைத்ததாகப் பிள்ளைகள் வாசலில் பேசிக்கொண்டார்கள்.

“நாளைக்கு வருவேன்னு எழுதியிருக்காரே” என்று பலகை தினமும் கதவையே பார்த்தது.

நான்கு மாதத்தில் சாக்பீஸுக்குச் சலித்துவிட்டது. “அண்ணே, வீட்டுப்பாடத்தை நாமளே முடிச்சிருவோம். நேத்தே வந்துட்டாருன்னு எழுதிட்டா, அப்புறம் காத்திருக்க வேண்டாம்ல?”

பலகை சம்மதித்தது. சாக்பீஸ் உடம்பைத் தேய்த்து எழுதியது: ‘ஐ கேம் எஸ்டர்டே.’ அன்று இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

காலையில் வெளிச்சம் வந்ததும் சாக்பீஸ் பலகையை நிமிர்ந்து பார்த்தது.

“என்ன தம்பி, என் மேல ஏதோ ஈரமா இருக்கு?”

“அண்ணே, பூட்டு போட்டபடியே இருக்கு. ஆனா நாம எழுதினதுக்குப் பக்கத்துல சிவப்பா சரி விழுந்திருக்கு. கீழே புது வீட்டுப்பாடம்.”

“என்னன்னு?”

“‘சில்ட்ரன் வில் கம் டு மீ.’”

“பிள்ளைங்க அவர்கிட்ட வந்துட்டாங்கன்னு மாத்தி எழுதிராதே தம்பி” என்றது பலகை.

“நான் எழுதலை அண்ணே. கை ஒண்ணு என்னைத் தூக்குது.”

வரியின் முதல் எழுத்து விழுவதற்குள் சாக்பீஸ் திமிறிக் கீழே விழுந்து தூளானது.