மெல்பர்னிலிருந்து மதுரை

"சின்னவன் எப்பய்யா வாரான்?"

விளாங்குடி வீட்டு வாசலில் பந்தல் போட்டு முடிப்பதற்குள் வந்தவர்கள் எல்லாரும் இதையே கேட்டுவிட்டார்கள்.

அழகுபாண்டிக்கு உள்ளுக்குள் எரிந்தது. படுக்கையில் கிடந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, சோறு ஊட்டியவன் அவன். ஆனால் அம்மாவுக்குக் கொள்ளி வைக்கும் உரிமை கடைசி மகனுக்குத்தான். மெல்பர்னில் இருக்கும் தம்பி விக்ரமுக்கு.

அலங்காநல்லூரிலிருந்து வந்திருந்த தாய்மாமன் காசிமாயன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது எம்புட்டுத் தூரம் மாப்ள?"

"ஒம்பதாயிரம் கிலோமீட்டர் இருக்கும் மாமா. மாறி மாறி ஏறி வரணும். ரெண்டு நாளாயிரும்."

தூரம் மட்டும்தான் உண்மை.

விடிகாலையிலேயே விக்ரம் ஃபோனில் அழுதிருந்தான். இன்றைக்கே ஏறிக் கொழும்பு, அங்கிருந்து மதுரை, நாளைக் காலையில் வந்துவிடுவேன் என்றான். "அம்மா மொகத்த ஒரு தரம் பாத்துக்கிறேண்ணே. அதுவரைக்கும் எடுக்காம வச்சிருங்க."

அழகுபாண்டி சரி என்றுதான் சொல்லியிருந்தான்.

கூட்டம் விக்ரமைத் திட்டியது. ஆத்தா படுத்தபோதே வந்து பார்த்திருக்க வேண்டாமா என்றார் காசிமாயன். ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் அழகுபாண்டி கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். மகன்னா இவன்தான் மகன் என்றார்கள்.

விக்ரம் அப்போது வானத்தில் இருந்தான்.

மறுநாள் காலை, பால் தெளிக்கச் சுடுகாட்டில் கூடியிருந்தபோது, வீட்டுக்குப் போய்த் திரும்பிய டாக்சி ஒன்று வந்து நின்றது. விக்ரம் இறங்கினான். சாம்பலைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

காசிமாயனுக்குக் கணக்கு உதைத்தது. "ரெண்டு நாளாகும்னான் ஒங்கண்ணன். நீ எப்பிடிடா ஒரே நாள்ல வந்து நிக்கிற?"

எல்லாரும் அழகுபாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த பால் செம்பைக் கீழே வைத்துவிட்டான்.

விக்ரம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான்தான் மாமா ரெண்டு நாள்னு சொன்னேன். பெறகு வேற பிளேன்ல எடம் கெடச்சுச்சு. அவசரத்துல அண்ணனுக்குச் சொல்ல விட்டுப்போச்சு."

"சொல்லித் தொலைச்சிருந்தா வச்சிருப்போம்ல, கூறுகெட்டவனே. பெத்தவளுக்குக் கொள்ளி வைக்கக்கூட ஒனக்குக் குடுத்து வைக்கலையே."

விக்ரம் தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பிறகு எழுந்து அண்ணனிடம் வந்தான்.

"தம்பி, நான்தான்..." என்று அழகுபாண்டி வாயெடுத்தான்.

கீழே இருந்த செம்பை எடுத்து அண்ணன் கையில் கொடுத்த விக்ரம், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"நீயே ஊத்துண்ணே. அம்மா பக்கத்துல இருந்தவன் நீதான்."