வடிகட்டியில் நின்ற கிராம்பு

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சர்க்கரைப் பாகுக்கு ஒரே கவலை. இனிப்பு இருந்தது, வாசனை இல்லை. பக்கத்தில் கிடந்த கிராம்பிடம், “அக்கா, உள்ளே வாயேன்” என்று கெஞ்சியது.

“என்கிட்ட இருக்கிறதே இந்த வாசனைதான். அதையும் கொடுத்துட்டா நான் வெறும் குச்சி, தம்பி.”

“உன்னை விட்டுடுவேனா? பாட்டிலுக்குள்ளே ஒண்ணாத்தான் போவோம்.”

கிராம்பு நம்பி இறங்கியது. இருந்ததையெல்லாம் கொடுத்தது. பாகு ஆறியதும் வடிகட்டினார்கள்.

“தம்பி, நான் மேலேயே நின்னுட்டேன்!” என்று வடிகட்டியிலிருந்து கிராம்பு கூப்பிட்டது. பாகுக்குக் காதில் விழுந்தது. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் பாட்டிலுக்குள் இறங்கிவிட்டது.

விருந்தன்று அதோடு கலந்த எலுமிச்சைச் சாறு, “அடேயப்பா, யாரோட வாசனை இது?” என்று கேட்டது.

“என்னோடதுதான்” என்றது பாகு.

சொன்ன வாயிலேயே கிராம்பு மணத்தது.