கேமராவுக்குப் பொட்டு

தாளாளர் மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, வண்டியின் கேமராவிலேயே அப்பினார்.

அதன் நடுவில் குங்குமம்.

“ஐயா, அங்க வேண்டாமுங்க...” என்று வண்டியை உருவாக்கியவள் சொல்லி முடிப்பதற்குள் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கிளம்பிவிட்டது.

பின்னால் பதாகை. ‘ஆசியாவிலேயே முதன்முறையாக, தானே ஓடும் வாகனம்!’

வாகனம் ஒரு டிபன் கேரியர் உயரம். போட்ட மாலையில் நான்கு சக்கரங்களும் காணாமல் போயின. மாலையைக் கழற்றி வைத்தார்கள். பொட்டைத் துடைக்கவில்லை. தாளாளர் வைத்த பொட்டைத் துடைக்க அந்தக் கல்லூரியில் ஆள் கிடையாது.

அவளுடைய எட்டு மாத உழைப்பு.

வண்டிக்கு மூளையாக உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு. அதன் நினைவகம் அவளுடைய பழைய செல்போனில் இருப்பதைவிடக் குறைவு. கேமரா பார்ப்பதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, நிறத்தை உருவி, மிச்சத்தில் பாதையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள். துறைத் தலைவர் ‘பொம்மை’ என்றார்.

“ஓடுமுங்க மேடம், நான் இருக்கேன்” என்றது அருள்தாஸ் மட்டும்தான். அதே ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்ப்பவன். ஒரு ரிமோட் காரைப் பிரித்து, அதன் மோட்டாரையும் சக்கரங்களையும் வயரிங்கோடு அப்படியே இதில் பொருத்தியவன்.

வண்டியின் நிரலில் அவள் எழுதிய முதல் கட்டளை: எதுவும் தெரியாவிட்டால், நகராதே.

இப்போது அதற்கு எதுவும் தெரியாது. நகராது. அவள் அவமானத்துக்குத் தயாரானாள்.

தாளாளர் பொத்தானை அழுத்தினார்.

வண்டி நகர்ந்தது.

தரையில் பாதையாகப் போட்டிருந்த இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில், பிசகாமல். வழக்கமாகத் திருப்பம் வந்தால் இரண்டு விநாடி நின்று யோசிக்கும். போர்டின் சக்தி அவ்வளவுதான். இன்று யோசிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு திரும்பியது.

குங்குமத்தின் மகிமை என்று முன்வரிசை நம்பியிருக்கும். அவளுக்கு அந்த வசதி இல்லை. எழுதியவள் அவள்.

அரங்கம் கைதட்டியது. எதற்கும் முதல் ஆளாகக் கைதட்டும் அருள்தாஸ் தட்டவில்லை. அவன் வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. கட்டைவிரல் துணிக்கு அடியில் அசைந்தது.

அவன் பிரித்த காரின் ரிமோட் இத்தனை நாளும் ஆய்வக மேஜை இழுப்பறையில் கிடந்தது.

அருகில் துறைத் தலைவர். வண்டியைப் பார்க்காமல் அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கோட்டைத் தாண்டிப் பாதையின் நடுவில் போய் நின்றாள்.

கண்ணை மூடிய வண்டிக்கு அவளைத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

கால் விரலுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

“பாத்தீங்களா! ஆளப் பாத்ததும் தானா நின்னுடுச்சு பாருங்க!” தாளாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அவளிடம் ஓடி வந்தார். “ஏஞ் சாமி, மேல ஏத்திருமோன்னு பயமா இல்லீங்களா?”

மைக் அவள் வாய்க்கு வந்தது.

“இல்லீங்கய்யா. ஓட்டறவரு தெரிஞ்சவருதான்.”

அரங்கம் சிரித்தது. துறைத் தலைவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அவள் நகரவில்லை. அருள்தாஸைப் பார்த்தபடியே நின்றாள். அவன் தரையைப் பார்த்தான்.

பின்னால் போவதற்கு அந்த வண்டிக்கு அவள் எதுவுமே எழுதியிருக்கவில்லை. போர்டில் இடம் போதவில்லை.

வண்டி மெல்லப் பின்னால் போனது.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.